மாத்திரை எழுதுவது நம் வேலை இல்லை, சரி. தெரிந்துகொள்வது?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் கவுன்சிலிங் செய்கிறேன். ('கவுன்சிலர்' என்று போர்டு வைத்த முதல் மாதம் ஒருவர் சாக்கடை அடைப்புக்கு மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது 'மனநல ஆலோசகர்' என்று மாற்றியாயிற்று.) ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கும் பையன். இருபதுகளில் இருக்கிறான். காதில் குரல் கேட்கிறது என்று மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரை ஆரம்பித்து, குரல் ஓரளவு அடங்கியிருந்தது. குடும்பத்தோடு பேசச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வந்தபோது நாற்காலியில் உட்காரவே இல்லை. எழுகிறான், சன்னல் வரை போகிறான், திரும்பி வருகிறான். உட்கார்ந்தாலும் கால் ஓயவில்லை. "உள்ளுக்குள்ள என்னமோ பறக்குதுங்கண்ணா" என்றான். பதற்றம் என்று நானே முடிவு கட்டி, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் பத்து நிமிடம் உட்காரச் சொன்னேன். யாரிடம் பாருங்கள்!

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒருநாள் அவன் அம்மா மட்டும் வந்தார். ராத்திரி முழுக்க வாசலில் நடக்கிறானாம். "இப்பிடி இருக்கறதுக்குச் செத்தே போயிரலாம்" என்றானாம். அன்றைக்குத்தான் மருத்துவருக்குப் போன் செய்தேன். நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் அவர் கேட்டது ஒன்றுதான்: "டோஸ் ஏத்தினது எந்தத் தேதி, நடக்க ஆரம்பிச்சது எந்தத் தேதி?" கணக்குப் பார்த்தால் ஏற்றிய ஐந்தாம் நாள். பதற்றமெல்லாம் இல்லை, மாத்திரை செய்த வேலை.

நான் படித்த டிப்ளமோவில் மருந்துகளுக்கு ஒரு மதியம் ஒதுக்கினார்கள். 'அது டாக்டர்கள் சமாச்சாரம்' என்று அதிலும் பாதி நேரம் போய்விட்டது. நம்மைப் போன்றவர்கள் மருந்துகளைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

---

பழைய சைக்காலஜி (ஈரோடு)

தம்பி, முதலில் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவைப் படியுங்கள். தன் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலத் தொழிலரும் பரிந்துரைக்கக் கூடாது. 'இதைச் சாப்பிடு' என்பது மட்டும் பரிந்துரை இல்லை. 'அதை நிறுத்திப் பார்' என்பதும் பரிந்துரைதான்.

இதைக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் பஸ் ஏற பயந்த ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, பவானி வரை போய்வர வைத்துவிட்டேன். பார்த்தால், ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்பும் படபடப்பை அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஏறியிருக்கிறார். 'மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்' என்றுதான் மனசு கற்றுக்கொள்ளும். 'பஸ்ஸில் ஒன்றும் ஆகாது' என்பதைக் கற்றுக்கொள்ளவே செய்யாது. அதனால், "அதை விட்டுடும்மா" என்றேன். பெரிய மேதாவி மாதிரி. அவர் இரண்டு வருடமாக தினமும் மூன்று வேளை அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் கேட்கவில்லை. ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார், சாமி புண்ணியம்.

அன்றிலிருந்து மாத்திரைப் பேச்சே எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள் என்பேன்.

---

ரெண்டாம் வருசம் (பெருந்துறை, எம்எஸ்டபிள்யூ மாணவி)

ஐயா, தப்பாக நினைக்காதீங்க. நீங்கள் சொன்ன கதையில் தெரிந்ததால் வந்த ஆபத்து எங்கே இருக்கிறது? தெரியாததால் வந்தது மாதிரி இல்லை இருக்கிறது?

---

பழைய சைக்காலஜி (ஈரோடு)

சாப்பிட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.

---

ஓபி நம்பர் ஏழு (கோவை)

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவர். திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில், "எப்படி இருக்கீங்க?" "பரவால்லீங்க." "தூக்கம்?" "வருதுங்க." சீட்டு கை மாறிவிடும். உங்களிடம் அதே ஆள் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். அதனால் பக்கவிளைவு முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான். பையன் சன்னல் வரை நடந்த நடையை நொய்யல்கரை பார்த்தார், நான் பார்த்திருக்க மாட்டேன். என் அறையில் நடக்க இடமே கிடையாது.

அந்தப் பையனுக்கு வந்ததன் பெயர் அகதீசியா. குரலை அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில் ஆரம்பித்த அல்லது டோஸ் ஏற்றிய சில நாட்களில், சில வாரங்களில் வரும். பதற்றத்தில் மனசு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும்: கடன், மாமனார், பரீட்சை என்று ஏதாவது. இதில் காரணம் இருக்காது. உடம்புதான் ஓடச் சொல்லும், அதிலும் கால். நடந்தால் கொஞ்சம் ஆறும், உட்கார்ந்தால் ஏறும். "என்ன நினைச்சுப் பயப்படறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பயமெல்லாம் இல்லைங்க, உக்கார முடியல" என்று பதில் வந்தால் அன்றைக்கே போன் போடுங்கள். டோஸைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, ப்ரொப்ரனலால் கொடுத்தோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். விட்டுவைத்தால் அம்மாவிடம் அவன் சொன்னானே, அந்தப் பேச்சு வெறும் பேச்சாக இருக்காது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் அதில்தான் இருப்பார்கள். குமட்டல், தலைவலி, தூக்கக் கேடு, ஒருவிதப் படபடப்பு எல்லாம் முதல் வாரமே வரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுசாகத் தெரிய ஆறு வாரம் கூட ஆகும். ஆக முதல் பத்து நாள் நஷ்டக் கணக்குதான். 'இது எனக்கு ஒத்துக்கல' என்று அட்டையைத் தூக்கி எறிவது அந்த நாட்களில்தான். நான் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஓபி கூட்டத்தில் யார் காதில் விழுகிறது? உங்கள் அறையில் இன்னொரு தடவை சொன்னால் விழும்.

இளவட்டங்கள் என்றால் கூடுதல் கவனம். சிறுவர், பதின்வயதினரிடம் இந்த மருந்துகள் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கருப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். சிறுவர், பதின்வயதினரை வைத்து நடந்து, அவர்கள் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட எண்ணமோ நடத்தையோ மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். தற்கொலை ஒன்றும் நடக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு மருந்தே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் சில வாரம் வாராவாரம் பாருங்கள், நேராகக் கேளுங்கள். அதே 2004இல் மனச்சோர்வு உள்ள 439 பதின்வயதினரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பன்னிரண்டு வாரத்தில் ஃப்ளூஆக்ஸெடினும் (இதே வகை மருந்து) பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்து மட்டும் என்றால் 61, பேச்சு மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரைக்கு 35. நானும் நீங்களும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம், மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்த ஆள் திடீரென்று மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, காலையில் புதுசாக மூன்று தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னால் 'நல்லாத் தேறிட்டாரு' என்று சந்தோஷப்படாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு (மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய்) உள்ளே ஒளிந்திருந்திருக்கலாம். நம் ஊரில் புதுத் தொழில் ஆரம்பிப்பதை யாரும் நோயாகப் பார்க்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

---

அட்டை எண்ணுபவன் (கோபி)

மருந்துக் கடைக்காரன் ஒருத்தனும் இங்கே இருக்கேனுங்க.

அல்பிரசோலம், டயசிபம் எல்லாம் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் வருபவை. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. யாருக்கு, யார் எழுதியது, எத்தனை என்று நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் காலி அட்டையைக் காட்டி, "இதுலயே பத்து குடுங்க" என்று வருபவர்கள் தினமும் உண்டு. அதனால் நீங்கள் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால் போதாது, பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய அட்டை, பக்கத்து வீட்டு அட்டை, மூட்டு வலிக்கு வாங்கியது எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கும். ஒரு அம்மாவின் பையில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பகலெல்லாம் தூக்கம், வீட்டில் சோம்பேறிப் பட்டம்.

இன்னொன்று. குடியை நிறுத்த என்று டைசல்பிராம் வாங்கிப்போய் புருசனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கும் வேலை. கதை இல்லைங்க, நிஜம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. நிறுத்தி இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். சாராயம் கலந்த இருமல் சிரப்பும், நாட்டு மருந்துக் கடை அரிஷ்டமும் கூட ஆகாது. இதைக் கலக்கும் மனைவி என்னிடம் ஒருநாளும் சொல்ல மாட்டார். உங்களிடம் அழும்போது சொல்வார். சொன்னால் திட்டாமல் கேளுங்கள், வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கே நிறுத்த வையுங்கள்.

---

பழைய சைக்காலஜி (ஈரோடு)

சாப்பிட்டாயிற்று. அந்தப் பெண் சொன்னது சரி. எத்தனை நாளாக, எத்தனை வேளை என்று நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் டாக்டருக்கு ஒரு போன் செய்திருப்பேன், அவர் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்திருப்பார். இத்தனை வருடமாக நான் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறேன் போல.

---

தாராபுரத்தான்

நான் டாக்டரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. மனநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். பதினோரு வருடம். உரத்துக் கடை வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் அம்மாவின் வேண்டுதல். ஈரோட்டுச் சொந்தக்காரர்களோடு சேர்ந்து அங்கிருந்தே நடப்பது என்று முடிவு. போவதற்கு முந்தின வாரம் என் ஆலோசகரிடம் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்க, மனசுக்கு அமைதியா இருக்கும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு லித்தியம் தெரியாது.

காலையில் விரதம், மதிய வெயிலில் நடை. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று தண்ணீர் கம்மியாகக் குடித்தேன். இரண்டாம் நாள் கால் வீங்கிவிட்டது. கூட வந்த அண்ணன் ஒருவர் டைக்ளோஃபெனாக் கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாம் நாள் கை நடுங்கி டீ டம்ளர் பிடிக்க முடியவில்லை. வயிறு கழன்றது, வாந்தி. நாக்கு குழறியது. 'தண்ணியப் போட்டுட்டு மாலைய வேற போட்டிருக்கான்' என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது லித்தியம் அளவு இரண்டுக்கு மேல்.

டாக்டர் பின்னால் விளக்கினார். ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டியது, 1.5ஐத் தாண்டினாலே விஷம் மாதிரி. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும் அதையே செய்யும். வலி என்றால் பாராசிட்டமால் போதும் என்றார். அந்த ஒரு வரியை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால்!

ஆலோசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் லித்தியக்காரன் யாராவது இருந்தால், பன்னாரி குண்டம், மாரியம்மன் நோம்பி, பழனி நடை, சித்திரை வெயிலில் காட்டு வேலை என்று அவன் பேச்செடுத்தால் "தண்ணி குடிக்கிறீங்களா? ரத்தம் கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று கேளுங்கள். போகாதே என்று சொல்ல வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போ என்றால் போதும்.

---

ஓபி நம்பர் ஏழு (கோவை)

தாராபுரத்தாரே, உங்கள் பதிவை என் மாணவர்களுக்குக் காட்டலாமா? ரத்தம் பார்ப்பதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகிறவர்கள் அதிகம். தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

---

தாராபுரத்தான்

தாராளமாக் காட்டுங்க. தண்ணி போட்டவன் இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க.

---

மஞ்சக்காட்டுக்காரி (ஈரோடு பக்கம்)

யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் எனக்கு நோய் வந்தது. ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள், நோய் அடங்கியது. நாலாவது மாதம் தீட்டு நின்றது. மாமியார் கர்ப்பம் என்று ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிவிட்டார். மார்பில் பால் மாதிரி கசிந்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் வீட்டில் நடந்ததை எழுத விருப்பமில்லை. மாத்திரையைக் குப்பையில் போட்டேன். இரண்டு மாதத்தில் திரும்ப ஆஸ்பத்திரி.

அந்த மாத்திரை புரோலாக்டின் என்ற சுரப்பைக் கூட்டும், அதனால் தீட்டும் நிற்கும், பாலும் கசியும் என்று எனக்குத் தெரிந்தது அதற்கும் பிறகு. வாராவாரம் ஆலோசனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். மாமியார் சண்டை பற்றிப் பேசினோம், தூக்கம் பற்றிப் பேசினோம், தன்னம்பிக்கை பற்றிப் பேசினோம். தீட்டு ஒழுங்காக வருகிறதா என்று அவர் கேட்கவில்லை. சொல்ல எனக்கும் கூச்சம். உடம்பு பெருப்பது, வீட்டுக்காரரோடு சேர்ந்திருக்க மனசும் உடம்பும் ஒத்துழைக்காமல் போவது, இதெல்லாம் மாத்திரையால் வரலாம் என்று யாராவது முதலில் வாயைத் திறந்தால்தான் எங்களுக்கும் வாய் திறக்கும். எனக்கு மருந்து மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

---

பழைய சைக்காலஜி (ஈரோடு)

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஆண் ஆலோசகர்களான நாங்கள் இதைக் கேட்காமல் விடுவதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

---

ஓபி நம்பர் ஏழு (கோவை)

இதையொட்டி இன்னொன்று. வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் கொடுப்பது) சாப்பிடும் கல்யாண வயதுப் பெண் உங்களிடம் இருந்தால், நிச்சயதார்த்தம் என்ற சொல் காதில் விழுந்த உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தை அளவில் பெரிய பிறவிக் குறை வருகிறது, முதுகுத்தண்டு மூடாமல் போவது உட்பட. கரு தங்கியது தெரிவதற்குள் பாதி கெடுதல் நடந்துவிடும். முன்கூட்டியே மாற்ற எங்களுக்கு மாதங்கள் வேண்டும். அதற்காக அவரே நிறுத்திவிடவும் கூடாது.

பீடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோன் மாதிரியே குரலை அடக்கக் கொடுக்கும் குளோசபைன், ஓலான்சபைன் சாப்பிடுகிறவரைப் பேசிப் பேசிப் பீடியை விட வைப்பீர்கள். நல்ல காரியம். ஆனால் புகையில் உள்ள பொருள்கள் ஈரலை முடுக்கிவிட்டு இந்த மருந்துகளை வேகமாகக் கரைத்துக்கொண்டிருக்கும். புகை நின்றால் அதே டோஸில் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். குளோசபைன் ஒன்றரை மடங்கு வரை ஏறலாம். மயங்கி மயங்கி விழுவார். பீடியை விடும் தேதியை எனக்குச் சொல்லிவிட்டு விட வையுங்கள். குளோசபைன்காரருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணு பார்க்க வேண்டும், கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

'எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் டாக்டர். நான் எழுதிய கடிதத்தை ஒருவர் மடித்தபடியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். "உங்க கவுன்சிலர் எனக்குப் பாடம் எடுக்கிறாரா?" என்று கேட்டாராம், அதுவும் நோயாளியிடம்.

---

ஓபி நம்பர் ஏழு (கோவை)

நடக்கும். எங்கள் ஆட்களில் அப்படியும் உண்டு. நான் படித்து முடிக்கிற கடிதம் எப்படி இருக்கும் என்று வேண்டுமானால் சொல்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. நோய்க்குப் பெயர் வைத்து, மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்காது. பார்த்ததும் தேதியும் மட்டும் இருக்கும்: 'இன்ன தேதிக்குப் பின் உட்கார முடியவில்லை, இரவில் நடக்கிறார், சாக வேண்டும் என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். தாங்கள் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.' 'இது அகதீசியா, டோஸைக் குறைக்கவும்' என்று எழுதினால் எனக்கே மூக்குக்கு மேல் கோபம் வரும், நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும். அவசரம் என்றால் கடிதம் வேண்டாம், போன்தான்.

எழுதுவதற்கு முன்னால் வந்தவரிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள். சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருடைய ரகசியத்துக்குக் காவல். உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு.

---

ரெண்டாம் வருசம் (பெருந்துறை)

ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அம்மா மாதிரி யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது?

---

அட்டை எண்ணுபவன் (கோபி)

14416, டெலி மானஸ். எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். கையை மீறிப் போச்சுன்னா 108தான். என் கடை கல்லாவுக்கு மேலயே இரண்டும் ஒட்டியிருக்கு.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டோஸைக் குறைத்து, கூட ஒரு மாத்திரை சேர்த்தார்கள். நேற்றுப் பையன் வந்தான். இரவு ஷிஃப்டை மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் அவனே பேசியிருக்கிறான். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தால் விரலில் ஊசி ஏறிவிடும் என்று பயந்து, ஷிஃப்ட் நாட்களில் மாத்திரையை விட்டுவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தானாம். பையைக் கொட்டி எண்ணியபோதுதான் அதுவும் வெளியே வந்தது. டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன், நாலு வரி.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த மூச்சுப் பயிற்சிய இன்னொருக்காச் சொல்லிக்குடுங்கண்ணா, இப்ப முடியும் மாட்டத் தெரியுது" என்றான்.